வஸ்கமுவ: மகாவலி சுற்றி ஓடும் உலர்காடு

மலையகத்திலிருந்து வனவிலங்கு பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் யாலவுக்கோ உடவளவைக்கோ போகிறார்கள். கதிர்காம யாத்திரையோடு சேர்த்து ஒரே பொழுதில் பார்த்து முடித்துவிடலாம் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஓகஸ்ட் மாதத்தில் நான் வஸ்கமுவ தேசிய பூங்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. தலவாக்கலையில் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கிறது. மகாவலி கண்டியைக் கடந்து பொல்கொல்லையை அடைந்ததும் அதன் நீர் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஆற்றின் இயல்பான தடத்திலேயே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகளைக் கடந்து மினிப்பே வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மற்றப் பங்கு, 1976 இல் நிறைவேறிய பொல்கொல்லைத் திசைதிருப்பலின் ஊடாக, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஓடி, உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, சுது கங்கை வழியாக அம்பன் கங்கையைச் சேர்கிறது. இவ்விரண்டு நீரும் மறுபடி ஒன்றாவதற்கு முன்னர் தமக்கு நடுவே ஒரு காட்டை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. கிழக்கில் மகாவலியும் வடமேற்கில் அம்பன் கங்கையும் எல்லையாக அமைந்த அந்தக் காடுதான் வஸ்கமுவ. எங்கள் ஊர் ஆற்றின் நீரைக் குடிக்கும் காட்டை ஒரு முறையேனும் பார்க்கவேண்டும் என்று நெடுங்காலமாக எண்ணியிருந்தேன்.

உலர்வலயக் காட்டைப் பற்றி எங்கள் வீடுகளில் வழங்கிய பேச்சில் அச்சமே மிகுந்திருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டின் ஊடாகக் கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதியும் மலேரியாக் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைக் கொன்றன; விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்தார்கள் என்பதை என் அப்பாயி தன் பாட்டனாரிடம் கேட்டபடி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். உயிரோடு மாத்தளையை அடைந்தவர்கள் மாரியம்மனை வணங்கிவிட்டு மலையேறினார்கள் என்பதும் எங்கள் பக்கத்தில் இன்றுவரை சொல்லப்படுகிறது. அவர்கள் நடந்த பாதை வஸ்கமுவவுக்கு மேற்கே, தம்புள்ளைப் பக்கமாக இருந்தது. ஆயினும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அதே வகைக் காடுதான் இங்கும் இருக்கிறது. ஆகவே மாத்தளையில் பேருந்து மாறும்போது முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, முன்னோர் ஏறி வந்த திசைக்கு எதிராக இறங்கப் போகிறேன் என்ற நினைவோடுதான் பயணத்தைத் தொடர்ந்தேன்.

மாத்தளையில் என் பெரியப்பா மகன் சேர்ந்துகொண்டார். ரத்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் அவருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். ரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் ஏறி, இலுக்கும்புரை வழியாக லக்கலைக்கு இறங்கும் வீதியை ஒரு பாடநூலாகவே கொள்ளலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் ஏறும்போது சாரல் முகத்தில் அடித்தது; உச்சியில் பனிமூட்டம் வீதியை மறைத்தது; மறுபக்கம் இறங்கிச் சிறிது நேரத்துக்குள் வானம் வெளுத்து, காற்று சூடேறி, புல்வெளிகள் மஞ்சளாகி, வீதியோரப் பற்றைகளில் புழுதி படிந்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்வதால், மே முதல் செப்டெம்பர் வரையில் கிழக்குப் பக்கத்துக்கு எஞ்சுவது வறண்ட வெப்பக்காற்று மட்டுமே. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்கிறார்கள். தலவாக்கலையில் கொழுந்துக்கூடைக்கு மேல் படங்கைப் போர்த்திக்கொண்டு பெண்கள் மழையில் நனையும் அதே வாரத்தில், நேர்கோட்டில் 100 கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில், குளங்கள் வற்றி வெடித்துக் கிடக்கின்றன. வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வரையில் வஸ்கமுவ காத்திருக்கவேண்டும்.

ஹெட்டிப்பொலைக்கு அப்பால் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். சொகுசு விடுதியில் தங்கி வாடகை ஜீப்பில் காட்டுக்குள் போய் வருவதைச் சூழல் நேயப் பயணம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். என்னைப் பொறுத்தவரையில் காட்டின் விளிம்பில் வாழும் மனிதர்களின் வீட்டில் ஓர் இரவேனும் தங்கி, அவர்கள் சமைத்ததை உண்டு, அவர்கள் கையில் பணம் சேரச் செய்வதில்தான் அது தொடங்குகிறது. யானையால் இழப்பை மட்டுமே கண்ட ஒருவருக்கு, யானையால் ஒரு வருமானமும் உண்டு என்பது காட்டைக் காப்பதில் எத்தனையோ அறிவிப்புப் பலகைகளைவிடப் பெரிது. அந்த வீட்டின் பின்சுவரில் ஒரு பகுதி புதிய செங்கல்லால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே வைத்திருந்த நெல்லின் மணத்துக்கு வந்த யானை அதை இடித்ததாகச் சொன்னார்கள். வயலின் ஓரத்து மரத்தில் காவற்பரண் இருந்தது. அறுவடைக் காலத்தில் வீட்டின் ஆண்கள் முறைவைத்து அதில் விழித்திருப்பார்களாம்.

யானை தோடைச் செடிகளை விரும்புவதில்லை என்பதை வைத்து, வீட்டைச் சுற்றித் தோடை நட்டு, நெல்லின் மணம் யானையை எட்டாதபடி செய்யும் ஒரு திட்டம் இந்தக் கிராமங்களில் நடைமுறையில் உள்ளது. பழத்தை விற்று வருமானமும் பெறலாம். யானைகள் கடக்கும் பாதை வழியே நடந்து செல்லவேண்டிய பிள்ளைகளுக்காக ஒரு பேருந்தையும் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பொன்று இங்கே ஓடவிட்டது. யானையைத் துரத்தாமல், மனிதரை அதன் பாதையிலிருந்து பாதுகாப்பாக விலக்கும் இந்த யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. எங்கள் தோட்டங்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை. ஆகவே வஸ்கமுவ மக்களின் கதையைக் கேட்கும்போது, இது வேறு யாருடையதோ துன்பம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வாயில் திறந்தவுடன் உள்ளே போனோம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் ஒவ்வொரு வாகனத்திலும் உடன் வருகிறார். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியிலிருந்து இறங்கக்கூடாது. முதல் அரைமணி நேரத்தில் நாங்கள் கண்ட பெரிய விலங்கு எதுவும் இல்லை. அந்த அரைமணி நேரம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஏனெனில் மரங்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. தொலைவிலிருந்து பார்த்தால் காடு காய்ந்து கிடப்பதாகத் தோன்றும். அருகில் போனால் பாலை மரமும் வீரை மரமும் தடித்த சிறு இலைகளோடு கரும்பச்சையாக நிற்கின்றன. நீரை இழக்காதபடி இலையைச் சிறிதாக்கிக்கொண்டு, கோடை முழுவதும் அதை உதிர்க்காமல் தாங்கும் மரங்கள் இவை. இவற்றுக்கு இடையே நிற்கும் முதிரையோ தன் இலைகளைக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கிறது. கருங்காலியின் தண்டு கரிபிடித்த தூண் போல நின்றது. அதன் உள்வயிரம் முற்றுவதற்குப் பல தலைமுறைகள் செல்லும். மழைக்காட்டில் ஓங்கி வளர்ந்த மரங்களையே அழகென்று பழகிய என் கண்ணுக்கு, உயரம் குறைந்து, கிளை முறுக்கி, பட்டை தடித்து நிற்கும் இந்த மரங்களின் பொறுமை புதிய அழகாகப் பட்டது.

ஒரு பாலை மரத்தின் அடியில் வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்டில் ஆளுயரத்துக்கு மேலே வரையில் நீண்ட நகக்கீறல்கள் இருந்தன. மே முதல் ஜூலை வரையில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடி மரத்தில் ஏறி, கிளையில் உட்கார்ந்தபடியே வயிறார உண்ணும். இலங்கையில் கரடி உலர்வலயத் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதன் மேல்தாடையின் நடுவில் இரண்டு பற்கள் இல்லை, அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி எடுக்கிறது. இந்தப் பூங்கா கரடிக்குப் பெயர்பெற்றது என்றாலும் நாங்கள் கரடியைக் காணவில்லை. கீறல்களைக் கண்டதே எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு விலங்கு தன் பருவத்தில் வந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு, யாருடைய கமராவுக்கும் அகப்படாமல் போயிருக்கிறது என்பதைக் காண்பதும் காட்டைக் காண்பதுதான்.

வில்மிட்டியக் குளத்தருகே போனபோது அங்கே ஏற்கெனவே இரண்டு வண்டிகள் நின்றன. சற்றுத் தள்ளி, காற்று எங்களிடமிருந்து குளத்தின் பக்கம் வீசாத இடத்தில், நிழலில் நிறுத்தச் செய்தார் வழிகாட்டி. சாரதி இஞ்சினை அணைத்தார். “கொஞ்ச நேரம் சும்மா இருப்போம் தம்பி, அதுங்களா வரும்” என்றார் அண்ணன். கோடையில் நீர் பின்வாங்கிய குளப்படுகையில் புதிதாகப் புல் முளைத்திருந்தது. காட்டில் பசும்புல் அரிதாகும் பருவத்தில் இப்படி வற்றும் குளங்கள்தான் யானைகளுக்கு உணவு தருகின்றன. கரையோர மரத்தில் சாம்பல் மந்திகள் இலைகளைப் பாதி தின்று பாதி கீழே போட, அவற்றைப் புள்ளிமான்கள் பொறுக்கின. மேலே இருக்கும் மந்திக்குத் தொலைவு தெரியும், கீழே இருக்கும் மானுக்கு மோப்பம் தெரியும். ஆபத்து வந்தால் எது முதலில் கத்தினாலும் இரண்டும் ஓடும். ஆள்காட்டிக் குருவி எங்களைப் பற்றி எல்லோருக்கும் அறிவித்துவிட்டு அடங்கியது. மஞ்சள் மூக்கு நாரைகள் சேற்றில் அலகை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தன.

நெடுநேரத்துக்குப் பின்னர், எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் யானை முதலில் வெளியே வந்து, தும்பிக்கையை உயர்த்திக் காற்றை ஆராய்ந்தது. அது திருப்தியடைந்த பின்னரே மற்றவை வந்தன. அவற்றில் இரண்டு குட்டிகள், ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் நின்று வெளியே வரவேயில்லை. இலங்கை யானைகளில் தந்தமுள்ள ஆண்கள் மிகச் சிலவே என்பதால், கூட்டத்துக்கு அப்பால் தனியே நின்ற ஆணுக்கும் தந்தம் இல்லை. அவை புல்லைப் பிடுங்கும் விதத்தை நான் அதற்கு முன்னர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. தும்பிக்கையால் பற்றி, முன்காலால் வேரோடு உதைத்து எடுத்து, மண்ணை முழங்காலில் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் வாயில் இடுகின்றன. நாளொன்றுக்கு 150 கிலோகிராம் வரையில் உண்ணும் ஒரு யானை, அதில் பாதிக்கும் குறைவானதையே செரிக்கிறது. எஞ்சியது விதைகளோடு வேறோர் இடத்தில் போய் விழுகிறது. விளாவும் பாலையும் புளியும் இந்தக் காட்டில் பரவி நிற்பதில் யானைக்குப் பங்குண்டு.

அப்போது பக்கத்தில் நின்ற வண்டிகளில் ஒன்று நல்ல படத்துக்காக இஞ்சினை முடுக்கிக் கரையோரமாக முன்னேறியது. பெண் யானை காதுகளை விரித்தது. குட்டிகள் நடுவே ஒடுங்கின. சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் காட்டுக்குள் மறைந்தது. குட்டிகளோடு தண்ணீர்க்கரைக்கு வந்த ஒரு குடும்பம், வெப்பம் ஏறும் வேளையில், குடித்து முடிக்காமலே திரும்பிப் போனது. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வஸ்கமுவவில் இன்னும் அந்த நிலை வரவில்லை, வரவிடக்கூடாது. சாரதியிடம் “கிட்டப் போங்க” என்று கேட்பவர்கள் பயணிகளே. பயணிகள் கேட்காவிட்டால், அன்றைய வெகுமதிக்காக அவர் அப்படி ஓட்டவேண்டிய தேவை எழாது.

மதிய வெயிலில் பூங்காவின் கிழக்குப் பக்கமாக மகாவலிக் கரையை அடைந்தோம். உலர்காடு அங்கே திடீரென்று முடிந்து, ஆற்றோரமாக மருதமரங்கள் பெருந்தண்டுகளோடு நீருக்குள் வேர் நீட்டி நிற்கின்றன. 335 கிலோமீற்றர் ஓடும் ஆற்றில் இது ஒரு நடுப்பகுதி. இந்தக் காடு தேசிய பூங்கா என்ற தகுதியைப் பெற்றதே மகாவலி அபிவிருத்தித் திட்டத்தினால்தான். அணைகளும் வயல்களும் குடியேற்றங்களும் பரந்த காடுகளை எடுத்துக்கொண்டபோது, இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக மாதுறு ஓயா, வெள்ளச் சமவெளி, சோமாவதி ஆகியவற்றோடு வஸ்கமுவவும் அறிவிக்கப்பட்டது. இதற்கான ஆண்டு 1984. அதே திட்டத்துக்காக மலையில் கொத்மலைப் பள்ளத்தாக்கின் கிராமங்களும் கோவில்களும் நீரில் மூழ்கின, பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியாவின் அடியில் போனது. மேலே மனிதர்கள் இடம்பெயர்ந்தார்கள், கீழே யானைகள் இடம்பெயர்ந்தன; இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசுவதை நான் அதிகம் கேட்டதில்லை.

அதற்கும் முன்னர் இந்தக் காட்டில் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். காட்டுக்குள் பழைய குளங்களின் கட்டுகளும் கால்வாய்களின் தடங்களும் கிடக்கின்றன. எல்லாளனின் படையும் துட்டகைமுனுவின் படையும் மோதியதாக வழிவழியாகச் சொல்லப்படும் யுதங்கனாப்பிட்டியும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. நாம் கன்னிக்காடு என்று எண்ணிப் பார்ப்பதில் பெரும்பகுதி, வயலும் குளமுமாக இருந்து கைவிடப்பட்டு, மீண்டும் காடானது. இது எனக்கு நம்பிக்கையளித்த செய்தி. தொந்தரவு செய்யாமல் விட்டால் உலர்காடு திரும்பி வருகிறது.

ஆனால் விடுவதற்கு இடம் குறைந்துகொண்டே போகிறது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2023 இல் மட்டும் 400 க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, 150 க்கு மேற்பட்ட மனிதர்களும் யானைகளால் உயிரிழந்தார்கள். துப்பாக்கிச்சூடு, சட்டவிரோத மின்கம்பி, தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்க பட்டாஸ் வெடி, ரயில் ஆகியவை யானைகளின் சாவுக்குக் காரணங்களில் முதன்மையானவை. யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்கையில் எல்லா யானைகளையும் பூங்காவுக்குள் தள்ளி வேலி போட்டுவிடலாம் என்ற எண்ணம் நடைமுறைக்கு ஒவ்வாது. நிர்வாக எல்லையில் போட்ட மின்வேலிக்கு இருபுறமும் யானைகள் இருக்கும்போது அந்த வேலி எதைத் தடுக்கும்? கிராமத்தைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றியும் மக்களே பராமரிக்கும் வேலிதான் பயன் தருகிறது என்ற கருத்தை, எங்களைத் தங்கவைத்த விவசாயியும் தம் அனுபவத்திலிருந்து சொன்னார்.

திரும்பும்போது ஹசலக்க வழியாக, பதினெட்டு வளைவு ஏறி, உன்னஸ்கிரியா ஊடாகக் கண்டிக்கு வந்தோம். வளைவுகளின் மேலிருந்து பார்த்தால் மகாவலிச் சமவெளி வயலும் காடுமாக விரிந்து கிடக்கிறது. மலையில் நாம் செய்வது அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இப்படி உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் விளங்குகிறது. மரக்கறித் தோட்டங்களிலும் மூடாக்கு இல்லாத தேயிலைச் சரிவுகளிலும் மழை அரித்துச் செல்லும் மண், பொல்கொல்லையிலும் ரந்தம்பேயிலும் படிந்து நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைக் குறைக்கிறது. நீர்த்தேக்கம் மண்ணால் நிறைந்தால் கோடைக்கு விடுவதற்கு நீர் குறையும். கோடையில் ஆறு மெலிந்தால் குளமும் வயலும் யானையும் ஒன்றோடொன்று போட்டியிடும். சரிவில் கல்வரம்பு கட்டுவதும், ஓடைக்கரையில் மரம் விடுவதும் எங்கள் ஊர் வேலை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது வஸ்கமுவவுக்கும் செய்யும் வேலை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை குளக்கரைகளில் விலங்குகளைக் காண்பது எளிது, கரடி பார்க்க ஆசையுள்ளவர்கள் பாலைப்பழப் பருவத்தில் போகலாம். பூங்கா காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். பொலித்தீன் எதையும் கொண்டுபோகாமல், நீரைப் போத்தலில் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். முழுக்கைச் சட்டை அணியுங்கள், ஏனெனில் உண்ணி கடிக்கும். ஜீப்பை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், காட்டுக்குள் ஒரு வண்டியும் குறையும்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளை ஏற்கெனவே வைத்துவிட்டேன். கொழும்புக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கூண்டு விலங்குகளைக் காட்டும் சுற்றுலாவுக்குப் பதிலாக, ஒரு முறை ஆற்றின் வழியையே பயணத்தின் வழியாக வைத்துக்கொள்ளலாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, பின்னர் கொத்மலை, பொல்கொல்லை, உக்குவளை, அம்பன் கங்கை, வஸ்கமுவ. இரண்டாம் தவணை முடிவில் போனால் மேலே மழையும் கீழே கோடையும் ஒரே பயணத்தில் கிடைக்கும். அண்ணன் கற்பிக்கும் பாடசாலை மாத்தளையில் எங்களோடு சேர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறது. தங்குவதற்கான வீடுகளை அந்த விவசாயக் குடும்பம் ஒழுங்குசெய்து தரும்.